வால்வை மாற்றினால் பாட்டு மாறுமா?

போன மாதம் சுங்கை சிப்புட்டில் எங்கள் கடைவரிசைக்குப் பின்னால் இருக்கும் ஒட்டுக்கடையில் ஒரு சண்டை. அடிதடி எல்லாம் இல்லை, தே தாரிக் ஆறும்வரை நடந்த வாய்ச்சண்டைதான். தெரிந்த தம்பி ஒருவர் புதிதாக வால்வு ஆம்ப், அதாவது வால்வு வைத்துப் பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி, வாங்கியிருக்கிறார். அதில் வந்த சின்ன வால்வு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, நூற்றெண்பது வெள்ளி கொடுத்து வேறு இரண்டு வாங்கிப் போட்டாராம்.

"அண்ணே, பாடுறவங்க நம்ம ஹால்ல வந்து உக்காந்துட்ட மாதிரி இருக்கு" என்றார்.

எதிரே இருந்த பெரியவர் லாரிப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். "கண்ணாடிக்குள்ள நாலு கம்பி. அதுல என்னடா பாட்டு மாறும்? காசு போனதுதான் மாற்றம்" என்றார்.

இருவர் சொன்னதிலும் பாதி சரி. எந்தப் பாதி என்று அங்கேயே சொல்லப் போனேன், தே ஆறிவிட்டது, தம்பிக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். வால்வு என்றால் என்ன என்றே தெரியாதவர்களும் படிக்கலாம்.

இரண்டு பேட்டரி ரேடியோ

தாத்தா காலத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் கரண்ட் கிடையாது. ஆலையில் ஜெனரேட்டர் ஓடும், அது ஆலைக்கும் துரை பங்களாவுக்கும்தான். ஆனாலும் லயத்தில் ஒரு வீட்டிலாவது ரேடியோ இருக்கும். அந்தக் கால வால்வு ரேடியோவைப் பேட்டரியிலும் ஓட்டலாம். அதற்கு இரண்டு வகைப் பேட்டரி வேண்டும்: 90 வோல்ட் கொடுக்கும் கனத்த பெட்டி ஒன்று, ஒன்றரை வோல்ட் கொடுப்பது ஒன்று. சின்ன வயதில் தாத்தா இதைச் சொன்னபோது, எதற்கு இரண்டு என்று கேட்டிருக்கிறேன். அவருக்குத் தெரியவில்லை. ஒன்று தீர்ந்தாலும் சம்பள நாள்வரை ரேடியோ ஊமை என்பது மட்டும் தெரியும்.

அந்த இரண்டு பேட்டரியைப் புரிந்துகொண்டால் வால்வு பாதி புரிந்த மாதிரி. வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய். உள்ளே கேத்தோடு என்ற உலோகப் பகுதி இருக்கிறது. அதைச் சூடேற்றினால் எலக்ட்ரான்கள் ஆவி மாதிரி கிளம்பும். அந்தச் சூட்டுக்குத்தான் ஒன்றரை வோல்ட். சுற்றிலும் பிளேட் என்ற தகடு. அதற்கு 90 வோல்ட் நேர்மின் கொடுத்தால், கிளம்பிய எலக்ட்ரான்களை அது தன்பக்கம் இழுக்கும். ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் 1904-இல் செய்த குழாயில் இவ்வளவுதான் இருந்தது. இரண்டே முனை, மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும் போகும். 1906-இல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கம்பி வலை ஒன்றை வைத்தார். கிரிட் என்பது அதுதான். வீட்டில் பாட்டு கேட்பதற்கான கதை அங்கேதான் தொடங்குகிறது.

கிரிட்டைக் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டில் நூறு பேர் நிற்கிறார்கள். கங்காணி கையைக் காட்டினால் கூட்டம் நகர்கிறது, கையைத் தூக்கினால் நிற்கிறது. ஒரு பால்வாளியைக்கூட அவர் தூக்குவதில்லை, உழைப்பு முழுக்கக் கூட்டத்துடையது. கிரிட்டும் அப்படித்தான். பாட்டிலிருந்து வரும் சின்ன மின் அசைவை அதற்குக் கொடுத்தால், அந்த அசைவுக்கு ஏற்றபடி எலக்ட்ரான் கூட்டம் பெரிதாகக் கூடிக் குறையும். சின்ன அசைவு பெரிய அசைவாகிறது. பெருக்கம் என்பது இதுதான்.

வால்வுக்கு வால்வு வேறுபாடும் இங்கேதான் பிறக்கிறது. வலை எவ்வளவு நெருக்கம், கேத்தோடுக்கு எவ்வளவு பக்கம், தகடு எவ்வளவு பெரிது, நடுவில் இன்னும் எத்தனை வலை என்பதையெல்லாம் பொறுத்து அந்த வால்வின் குணம் அமையும்.

பெயரைப் படிக்கத் தெரிந்தால்

பெட்டியில் ஈசிசி83 என்று போட்டிருக்கும். அது ஐரோப்பியப் பெயர். முதல் எழுத்து ஈ என்றால் சூடேற்ற 6.3 வோல்ட் வேண்டும். சி என்றால் டிரையோடு, அதாவது கேத்தோடு, கிரிட், பிளேட் என மூன்று முனை உள்ளது. சி இரண்டு முறை வந்தால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு. 8 என்றால் ஒன்பது கால் உள்ள சின்ன அடி. இதையே அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்கிறார்கள். அதன் சூட்டு இழையை 12.6 வோல்ட்டிலும் ஓட்டலாம் என்பதால் 12. பெயர்தான் இரண்டு, சாமான் ஒன்று. தெரியாமல் இரண்டையும் வாங்கி 'ஒப்பிட்டுப் பார்த்தவர்' ஒருவரை எனக்குத் தெரியும்.

சின்ன வால்வுகளில் அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று. ஈசிசி83-இன் பெருக்க எண் 100. ஈசிசி81-க்கு 60. ஈசிசி82-க்கு 20-க்கும் கொஞ்சம் கீழே. மூன்றின் கால்களும் ஒரே வரிசையில் அமைந்தவை, ஒரே குழியில் உட்காரும். உட்காருகிறதே என்று மாற்றிப் போடுகிற ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது.

என் முதல் ஆம்பில் ஈசிசி83 இருந்த இடத்தில் ஈசிசி82-ஐப் போட்டேன். பாட்டு மென்மையாகிவிட்டது, சுரசுரப்பெல்லாம் போய்விட்டது என்று ஒரு மாதம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா மகன் ஒரு நாள் கைபேசியில் சத்தம் அளக்கும் செயலியைத் திறந்து எதிரே வைத்தான். சத்தக் குமிழ் அதே இடத்தில் இருக்க, சத்தம் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. நான் கொண்டாடிய மென்மை அவ்வளவுதான். சத்தம் குறையும்போது காது முதலில் தவறவிடுவது அடித்தொனியை. உச்சத்தில் உள்ள சீற்றமும் அடங்கிவிட்டதாகத் தோன்றும். குமிழைத் திருகிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். மென்மையில் முக்கால்வாசி காணாமல் போனது.

பெருக்க எண் குறைந்தால் சத்தம் மட்டும் மாறுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈசிசி83-க்கென்று கணக்குப் போட்டு வைத்த மின்தடைகளோடு ஈசிசி82 உட்கார்ந்தால், அது தனக்கு ஏற்ற மின்னோட்டத்தில் வேலை செய்யாது. பெரிய ஆபத்து இல்லை, ஆனால் அந்த வால்வின் நல்ல முகம் உங்களுக்குத் தெரியாது. இன்னொன்று, உண்மையிலேயே ஆபத்தானது: ஈசிசி88 என்ற வால்வும் அதே ஒன்பது கால் குழியில் போய் உட்காரும். ஆனால் அதன் சூட்டு இழைக்கான இணைப்பு வேறு. ஈசிசி83-க்கான குழியில் போட்டால், வயரிங்கைப் பொறுத்து ஒன்று அது எரியவே எரியாது, இல்லை இரண்டு மடங்கு மின்னழுத்தம் வாங்கிக் கருகும்.

மேல் ஸ, மேல் ப

வால்வுச் சத்தம் 'இதமாக இருக்கிறது' என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் கையை ஆட்டுவார்கள். இதைச் சுருதிப்பெட்டியை வைத்துப் பார்க்கலாம்.

கணக்குக்கு வசதியாக உங்கள் ஸ ஒரு வினாடிக்கு 250 அதிர்வு என்று வைப்போம். எந்தப் பெருக்கியும் உள்ளே வந்ததை நூற்றுக்கு நூறு அப்படியே பெரிதாக்குவதில்லை, கொஞ்சம் தன் கைச்சரக்கையும் சேர்க்கும். அந்தக் கைச்சரக்கு 250-இன் மடங்குகளாக வரும்: 500, 750, 1000, 1250 என்று. இரண்டாம் மடங்கான 500 என்பது மேல் ஸ. நான்காவது அதற்கும் மேல் ஸ. மூன்றாம் மடங்கான 750 மேல் ஸ்தாயி ப. ஐந்தாவது அந்தர காந்தாரம். நல்ல தம்புராவை மீட்டினால், யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று காதில் விழும் என்பார்களே, அது இதுதான். ஏழாவது மடங்கு கைசிகி நிஷாதத்துக்குக் கொஞ்சம் கீழே, எந்த ஸ்வரத்திலும் ஒட்டாமல் தொங்கும். மேலே போகப் போக இந்த மாதிரி ஒட்டாதவை கூடும்.

இப்போது வால்வுக்கு வருவோம். ஒற்றை டிரையோடு தனியாக வேலை செய்யும்போது அது சேர்க்கும் கைச்சரக்கில் பெரும்பங்கு இரண்டாம் மடங்கு. ஸ-வோடு மேல் ஸ. சுருதிப்பெட்டியில் இரண்டு ஸ-வையும் சேர்த்துத் திறந்தால் எப்படி இருக்கும்? தப்பு என்று தோன்றாது, குரல் கொஞ்சம் சதைபிடித்த மாதிரி இருக்கும். அந்த 'இதம்' பெரும்பாலும் இதிலிருந்து வருவது. கூடுதல் வலைகள் கொண்ட பென்டோடு வகையில் மூன்றாம் மடங்கும் அதற்கு மேல் உள்ள ஒற்றைப்படைகளும் அதிகம். அதனால் குரலுக்கு ஒரு கூர்மை, ஒரு முனை வரும். இரண்டு வால்வுகளை எதிரெதிராகக் கட்டி ஒன்று தள்ள ஒன்று இழுக்க வைக்கும் புஷ்-புல் ஏற்பாட்டில், இரட்டைப்படை மடங்குகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆக, எந்த வால்வு என்பதைவிட அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதே கைச்சரக்கின் ருசியை அதிகம் தீர்மானிக்கிறது.

சரி, இதமே வேண்டும் என்றால் ஒற்றை டிரையோடு போதுமே என்று கேட்கலாம். ஒற்றைக் குரலும் ஒரு வீணையும் என்றால் போதும். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து முழங்கும்போது கதை வேறு. இரண்டு ஒலி ஒரே வால்வுக்குள் போனால், ஒவ்வொன்றின் மடங்குகளோடு அவை ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் புது அதிர்வுகள் பிறக்கும். அவற்றுக்கும் சுருதிக்கும் சம்பந்தமே இல்லை. தைப்பூச உறுமி மேளப் பதிவு ஒன்றை நண்பர் வீட்டு ஒற்றை டிரையோடு ஆம்பில் சத்தமாக வைத்துப் பார்த்தோம். உறுமியின் அந்த உறுமல் தனியே இழுத்தபோது அருமை. மற்ற மேளங்கள் சேர்ந்ததும் எல்லாம் குழைந்த சோறு மாதிரி ஆகிவிட்டது.

இந்தக் கைச்சரக்கைக் குறைக்க ஒரு வழி உண்டு. வெளியே போவதில் ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளே வந்ததோடு ஒப்பிட்டு, கூடுதலாகச் சேர்ந்ததைக் கழிப்பது. எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர். 1947-இல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வில்லியம்சன் என்பவர் வெளியிட்ட ஆம்ப் வடிவம் இதைக் கெட்டியாகப் பயன்படுத்தியது. கேடி66 வால்வு இரண்டை டிரையோடு மாதிரி கட்டி, 15 வாட்டில் கைச்சரக்கை 0.1 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தார். அந்த அளவுக்கு மேல் ஸ-வோ மேல் ப-வோ எதுவும் யார் காதுக்கும் எட்டாது. வால்வு என்றாலே தனி நிறம் உண்டு என்பவர்களிடம் நான் சொல்வது இந்த ஆம்பைத்தான். நிறம் பூசாத வால்வு ஆம்பை அப்போதே செய்துவிட்டார்கள். இன்றைக்குச் சிலர் வேண்டுமென்றே நிறம் பூசிச் செய்கிறார்கள். அது ருசி, தப்பில்லை.

பெரிய வால்வுகள்

ஸ்பீக்கரை ஓட்டும் வேலை பெரிய வால்வுகளுடையது. இவற்றைப் பற்றித்தான் ஊரெல்லாம் அடைமொழி. ஈஎல்34 என்றால் குரல் இனிமை, கேடி88 என்றால் அடித்தொனி, ஈஎல்84 என்றால் துள்ளல், 300பி என்றால் தேன். ஓரளவுக்கு எல்லாம் உண்மை. ஆனால் காரணம் பெரும்பாலும் தேன் அல்ல, வாட்.

வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1938-இல் கொண்டுவந்த 300பி ஒற்றையாக நின்றால் சுமார் 8 வாட் தரும். ஈஎல்84 சின்னது, ஜோடியாகக் கட்டினால் 10 முதல் 15 வாட். ஈஎல்34 ஜோடி சுலபமாக 35 வாட். கேடி88 ஜோடி 50-ஐத் தாண்டும். உங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் தருகிறது என்று வையுங்கள். இரட்டிப்பு வாட்டுக்கு 3 டெசிபல் கூடும். 8 வாட்டில் 96 டெசிபல், 64 வாட்டில் 105. பாட்டின் சராசரி சத்தம் 85-தான் இருக்கும். ஆனால் தவிலில் ஒரு அடி விழும் கணத்தில் அது 15 டெசிபல் மேலே பாயும், நூறை எட்டிவிடும். அந்தக் கணத்தில் 300பி மூச்சுத் திணறி முனையை மழுக்கும், கேடி88 அசராமல் கொடுக்கும். கேட்பவர் 'கேடி88-இல் அடித்தொனி அருமை' என்பார். அதே 300பி-யை ஒரு வாட்டுக்கு 96 டெசிபல் தரும் பெரிய ஸ்பீக்கரோடு சேர்த்தால் திணறல் இருக்காது. வால்வைத் தேர்ந்தெடுக்கும் முன் ஸ்பீக்கரின் பின்புறச் சீட்டைப் படியுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

உண்மையிலேயே வால்வைச் சேர்ந்த குணம் ஒன்று உண்டு, அதுதான் பிடி. ஸ்பீக்கரின் கூம்பு ஒரு முறை அசைந்தால் தானாக ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது ஆம்பின் உள்தடை. உள்தடை குறைவாக இருந்தால் பிடி இறுகும். 300பி-யின் உள்தடை 700 ஓம் அளவு. ஈஎல்34-ஐப் பென்டோடாகவே ஓட்டினால் சுமார் 15,000 ஓம். பின்னூட்டம் இல்லாமல் அப்படியே விட்டால் அதற்குப் பிடியே இருக்காது. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரும் எல்லாச் சுருதிக்கும் 8 ஓம் இல்லை, அடித்தொனியில் ஓர் இடத்தில் 30-க்கு மேலும் எகிறும். பிடி தளர்ந்த ஆம்ப் அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். பழைய வால்வு ரேடியோவில் கேட்ட 'உருண்டையான' அடித்தொனியில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. ஒரே வால்வு ஆம்ப் ஒருவர் வீட்டில் இனிப்பதும் இன்னொருவர் வீட்டில் கொழகொழப்பதும் இதனால்தான்.

அப்புறம் அந்த இரும்பு. வால்வு சில ஆயிரம் ஓம்களில் வேலை செய்கிறது, ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டுக்கும் தரகு பார்ப்பது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். 5,000 ஓமை 8 ஓமாக மாற்ற, ஒரு பக்கம் 25 சுற்றுக்கு மறு பக்கம் ஒரு சுற்று என்ற கணக்கில் கம்பி சுற்றுவார்கள். இரும்பில் கஞ்சத்தனம் செய்தால் கனமான அடித்தொனி வரும்போது அது நிரம்பிப் பிதுங்கும். அதற்கு மேல் எந்த வால்வைப் போட்டாலும் தேறாது. என்னைக் கேட்டால், வால்வு ஆம்பைக் கடையில் பார்த்ததும் முதலில் செய்ய வேண்டியது தூக்கிப் பார்ப்பது. இலேசாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மின்சாரத்தை நேராக்கும் ரெக்டிபயர் வால்வைப் பற்றியும் கேட்பார்கள். ஜிஇசட்34 போன்றவை மின்னழுத்தத்தைக் குறைவாகத்தான் விழுங்கும், 5யூ4 கூடுதலாக விழுங்கும். மாற்றினால் ஆம்ப் முழுவதும் வேறு அழுத்தத்தில் ஓடும், அதில் சின்ன வித்தியாசம் கேட்கலாம். தயாரித்தவர் அனுமதித்திருந்தால் மட்டும் செய்யுங்கள். இப்போது வரும் பல ஆம்ப்களில் ரெக்டிபயர் வால்வே கிடையாது, சிலிக்கான் டயோடுதான்.

ஒரே எண், வேறு ஊர்

தம்பி செய்தது இதுதான்: ஈசிசி83-ஐ எடுத்துவிட்டு வேறு கம்பெனியின் ஈசிசி83-ஐப் போட்டது. இங்கேதான் பெரியவரின் பாதி வருகிறது.

இங்கிலாந்தின் பிளாக்பர்னில் முல்லார்டு, ஜெர்மனியில் டெலிபுங்கன், அமெரிக்காவில் ஆர்சிஏ என்று அந்தக் காலத்துச் சரக்குக்குப் பெரிய மவுசு. இன்றைக்குச் சுலொவாக்கியா, ரஷ்யா, சீனா மூன்று நாட்டிலும் வால்வு செய்கிறார்கள். எல்லோரும் ஒரே அளவுக் குறிப்பை வைத்துத்தான் செய்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள இரண்டு ஈசிசி83-ஐ, பின்னூட்டம் உள்ள நல்ல ஆம்பில், ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டால், வித்தியாசம் இருந்தாலும் அது குழம்பில் ஒரு கல் உப்பு அளவுதான். குழம்பையே மாற்றாது.

அப்படியானால் பலருக்குப் பெரிய மாற்றம் கேட்கிறதே? பழைய வால்வு தேய்ந்திருக்கும். கேத்தோடின் பூச்சு சில ஆயிரம் மணி நேரத்தில் களைத்துவிடும், பெருக்கம் இறங்கும், இரைச்சல் ஏறும். பாட்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதால் நமக்குத் தெரியாது. புதியதைப் போட்ட அன்று கண் திறந்த மாதிரி இருக்கும். பெருமை பிராண்டுக்குப் போய்விடும்.

பிராண்டைவிட அந்தந்த வால்வின் தனிப் பிறவிக் குணம் முக்கியமாகும் இடமும் உண்டு: இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் மிகச் சின்ன ஒலியை வாங்கும் முதல் வால்வு. அதன் இரைச்சலைப் பின்னால் உள்ள எல்லாம் சேர்ந்து பெருக்கும். சில வால்வுகளின் உள்கம்பிகள் தளர்ந்திருக்கும். பென்சிலால் மெதுவாகத் தட்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணி அடிக்கும். அந்த வால்வு தன் பக்கத்து ஸ்பீக்கரின் அதிர்வையே மைக் மாதிரி வாங்கித் திரும்பப் பாடும். ஒரே பெட்டியில் வந்த நான்கில் ஒன்று மணி அடிக்கும், மூன்று அடிக்காது.

இன்னொன்று, எழுத்தை நம்பாதீர்கள். அந்தக் காலத்திலேயே கம்பெனிகள் ஒருவரிடம் ஒருவர் வாங்கித் தங்கள் பெயரை அடித்து விற்றார்கள். முல்லார்டு என்ற பெயரில் இன்று புதிதாகக் கிடைப்பது ரஷ்யாவில் செய்தது. டெலிபுங்கன் தொழிற்சாலைச் சரக்கில் கண்ணாடியின் அடியில், கால்களுக்கு நடுவே, ஒரு வைர வடிவக் குறி அச்சாகப் பதிந்திருக்கும். மையால் அடித்த பெயரைத் துடைத்துவிடலாம், கண்ணாடியில் பதிந்த குறியைத் துடைக்க முடியாது. பழைய வால்வு வாங்கும்போது உச்சியைப் பாருங்கள். உள்ளே வெள்ளி பூசிய மாதிரி ஒரு பளபளப்பு இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சவே அது. பால் மாதிரி வெளுத்திருந்தால் கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது. பசார் மாலாமில் ஒருவரிடம் பெட்டியோடு பதினோரு வால்வு வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால் நான்கு வெளுத்திருந்தன. விளக்கு மங்கலாக இருக்கும் இடத்தில் கண்ணாடிச் சாமான் வாங்கியது என் புத்தி.

கை வைக்கும் முன்

உள்ளே 300 முதல் 450 வோல்ட் இருக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். அடித்தட்டைக் கழற்றாதீர்கள். மேலே இருக்கும் வால்வை மாற்றுவதென்றால் அணைத்து, நன்றாக ஆறவிட்டு, துணியால் பிடித்து நேராக மேலே இழுங்கள். ஸ்பீக்கர் வயர் கழன்றிருக்கும்போது ஆம்பைப் போடாதீர்கள், டிரான்ஸ்பார்மர் போய்விடும். ஈஎல்34 இருந்த இடத்தில் கேடி88 போட ஆசைப்பட்டால், பயாஸ் என்ற கிரிட் அழுத்தத்தைத் திருத்த வேண்டும். கேடி88-க்குச் சூட்டு மின்னோட்டமும் கொஞ்சம் கூடுதல், 1.5-க்குப் பதில் 1.6 ஆம்பியர். ஆம்பின் கையேடு அனுமதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். மாலை நாலு மணிக்கு இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்குங்கள். நம் ஊர்ப் பக்கம் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான்கு ஈஎல்34-இன் சூட்டு இழை மட்டுமே 38 வாட் தின்னும், மற்றது தனி. சித்திரை வெயிலில் அந்த அறையில் உட்கார்ந்தால் தெரியும். பல்லிக்கு மட்டும் அந்தச் சூடு ரொம்பப் பிடிக்கும்.

தம்பி வீட்டில் ஒரு ஞாயிறு

இதையெல்லாம் சொல்லி முடித்தால் தம்பி நம்புவாரா? போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய்விட்டேன். பெரியவரும் வந்தார், கறிபப்போடு.

அவருடைய ஆம்பில் இடப்பக்கத்துக்கு ஒரு சின்ன வால்வு, வலப்பக்கத்துக்கு ஒன்று. இப்படி இருந்தால் ஒரு வசதி உண்டு. இடப்பக்கம் பழைய வால்வு, வலப்பக்கம் புது வால்வு. இரண்டு ஸ்பீக்கரையும் நகர்த்தி ஒட்டினாற்போல வைத்தோம். கைபேசியின் அமைப்பில் ஒலியை மோனோவாக்கினால் இரண்டு பக்கமும் ஒரே பாட்டு வரும். அங்கேயே இட-வலச் சமநிலையை முழுக்க ஒரு பக்கம் தள்ளினால் ஒரு வால்வு மட்டும் பாடும். அறுபதுகளின் தமிழ்ப் பாட்டு என்றால் மோனோவாக்கும் வேலையும் மிச்சம், அவை பிறந்ததே அப்படித்தான். இரண்டு பக்கமும் சத்தம் சமம்தானா என்று செயலியில் பார்த்தோம். வலது ஒரு டெசிபல் கூடுதல். சரிக்கட்டினோம். கால் மணி நேரம் சூடேறவிட்டோம். சிப்புட் என்றால் மலாயில் நத்தை; ஊருக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள் வால்வு ஆம்பைப் பார்த்துத்தான் வைத்தார்களோ என்று பெரியவர் அலுத்துக்கொண்டார்.

தம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பெரியவர் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் இடம், தலை விழுந்தால் வலம் என்று கைபேசியைத் தள்ளினார். தம்பி பழசா புதுசா என்று சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். மூன்று சுற்று முடிந்ததும் அணைத்து, ஆறவிட்டு, இட வால்வை வலத்திலும் வல வால்வை இடத்திலும் மாற்றினோம். இல்லாவிட்டால் தம்பி கேட்பது வால்வையா ஸ்பீக்கரையா என்று தெரியாது. மறுபடி சத்தத்தைச் சமன் செய்து, மறுபடி சூடேற்றி, இன்னும் மூன்று.

ஆறில் நான்கு சரி. தம்பிக்கு முகம் நிறையச் சிரிப்பு. "பாத்தீங்களா?" என்றார் பெரியவரிடம்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்று தடவைக்கு ஒரு தடவை ஆறில் நான்கோ அதற்கு மேலோ சரியாக வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். இன்னும் பத்துச் சுற்றாவது வேண்டும். சரி என்று தம்பி திரும்பி உட்கார்ந்தார். பெரியவர் நாணயத்தைச் சுண்டினார். அதற்குள் தகரக் கூரையில் மழை இறங்கிவிட்டது. பழசும் கேட்கவில்லை, புதுசும் கேட்கவில்லை. தம்பி எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.